தெற்காசியக் காற்பந்தில் தேசிய அணித் தகுதி

காற்பந்தில் தேசிய அணித் தகுதி என்பது, ஒரு வீரர் எந்த நாட்டின் அணிக்காகப் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். இவ்விதிகளைப் பன்னாட்டுக் காற்பந்துக் கழகங்களின் கூட்டமைப்பு (பிஃபா) வகுக்கின்றது. ஆனால் ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்கின்றது. இவ்விரு வகை விதிகளும் எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. 1947 ஆம் ஆண்டுக்குப் பின் எல்லைகள் பலமுறை மாறிய தெற்காசியாவில் இந்தப் பொருத்தமின்மை தெளிவாகக் காணப்படுகின்றது. இந்தியா, பாக்கித்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய அண்டை நாடுகள் குடியுரிமையை வெவ்வேறு வகையில் வரையறுப்பதால், ஒரே வகையான குடும்பப் பின்னணி கொண்ட இருவரில் ஒருவர் தேசிய அணியில் ஆடவும் மற்றவர் ஆட இயலாமற் போகவும் நேர்கின்றது.

காற்பந்து இலங்கைத் தமிழில் உதைபந்தாட்டம் என்றும் தமிழ்நாட்டில் கால்பந்து என்றும் பரவலாக அழைக்கப்படுகின்றது.

பிஃபா விதிகள்

அடிப்படை

பிஃபா சட்டங்களின்படி, ஒரு நாட்டின் நிரந்தரக் குடியுரிமையைக் கொண்டுள்ளவர் அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்தின் அணியில் ஆடத் தகுதி பெறுகின்றார். இக்குடியுரிமை, ஓரிடத்தில் வசிப்பதை மட்டும் பொறுத்ததாக இருத்தல் கூடாது. வேலை அனுமதியோ வதிவிட அட்டையோ போதுமானதன்று.

பிறப்பால் அல்லாது பின்னர் புதிய குடியுரிமை பெற்ற ஒருவர், அந்நாட்டுடன் தமக்கு உண்மையான தொடர்பு இருப்பதையும் காட்ட வேண்டும். கீழ்க்காணும் நான்கில் ஒன்று இருந்தால் போதுமானது:

1. வீரர் அந்நாட்டில் பிறந்திருத்தல்.
2. அவருடைய தாய் அல்லது தந்தை அந்நாட்டில் பிறந்திருத்தல்.
3. அவருடைய தாத்தா அல்லது பாட்டி (தாய்வழியோ தந்தைவழியோ) அந்நாட்டில் பிறந்திருத்தல்.
4. குறிப்பிட்ட காலம் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல். பத்து வயதுக்கு முன்னர் குடியேறியவர்களுக்கு 3 ஆண்டுகளும் மற்றவர்களுக்கு 5 ஆண்டுகளும் என இக்காலம் வரையறுக்கப்பட்டுள்ளது.

இந்நான்கும் குடியுரிமைக்கு மாற்றாக அமைவன அல்ல. குடியுரிமையோடு கூடுதலாகத் தேவைப்படுவன. பாட்டி பிறந்த நாட்டின் அணியில் ஆட விரும்பும் ஒருவர், முதலில் அந்நாட்டின் குடியுரிமையைப் பெற்றாக வேண்டும். இதைக் கருத்தில் கொள்ளாததால், முன்னோர் பிறந்த இடம் ஒன்றே போதுமானது என்ற தவறான எண்ணம் பலரிடம் காணப்படுகின்றது.

விதிகள் வளர்ந்த முறை

தொடக்க காலத்தில் இத்தகைய கட்டுப்பாடுகள் மிகக் குறைவு. உலூயிசு மோந்தி 1930 ஆம் ஆண்டு உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்கெந்தீனாவுக்காகவும், 1934 ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்காகவும் ஆடினார். அர்கெந்தீனாவின் அல்பிரெடோ டி இசுடெபனோ, அங்கேரியின் பெரென்சு புசுகாசு ஆகியோர் பின்னர் எசுப்பானிய அணியில் ஆடினர். 1960களில் பிஃபா இவ்வழக்கத்தை நிறுத்தியது.

2004 ஆம் ஆண்டில், கத்தாருடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத பிரேசில் வீரர்கள் சிலரைக் கத்தார் அணியில் சேர்க்கும் முயற்சி நடைபெற்றது. இதனைத் தொடர்ந்தே உண்மையான தொடர்பு வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. அப்போது 2 ஆண்டுகளாக இருந்த வதிவிடக் காலம் 2008 ஆம் ஆண்டில் 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இளையோர் அணிகளில் மட்டும் ஆடிய இரட்டைக் குடியுரிமையாளர்கள் தமது நாட்டை மாற்றிக் கொள்வதற்கு இருந்த 21 வயது வரம்பு 2009 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

முதன்மை அணிக்காக ஒரேயொரு அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியவரும் அந்நாட்டுடன் நிரந்தரமாகக் கட்டுண்டிருந்த நிலை 2020 ஆம் ஆண்டு வரை நீடித்தது. 2014 ஆம் ஆண்டில் எசுப்பானியாவுக்காகச் சில நிமிடங்களே ஆடிய முனீர் எல் அத்தாதி, தம் தந்தையின் நாடான மொரோக்கோவுக்காக ஆட விரும்பியும் பல ஆண்டுகள் இயலவில்லை. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிஃபா மாநாடு விதியைத் தளர்த்தியது. இதன்படி, 21 வயதுக்கு முன்னர் மூன்றுக்கு மேற்படாத அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடியவர், கடைசி ஆட்டத்திற்குப் பின் 3 ஆண்டுகள் கழிந்திருந்தால் நாடு மாற விண்ணப்பிக்கலாம். உலகக்கோப்பை இறுதிச் சுற்றிலோ கண்ட அளவிலான இறுதிச் சுற்றிலோ ஆடியவருக்கு இச்சலுகை இல்லை. புதிய நாட்டின் குடியுரிமை, முதல் அணிக்காக அதிகாரபூர்வமாக ஆடிய காலத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை ஆகும். முனீர் 2021 ஆம் ஆண்டில் மொரோக்கோ அணியில் ஆடினார்.

நட்புப் போட்டிகள் ஒரு வீரரை ஒரு நாட்டுடன் நிரந்தரமாகப் பிணைப்பதில்லை.

இந்தியா

குடியுரிமைச் சட்டம்

இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கின்றார். வெளிநாடுகளில் குடியேறிய இந்திய வம்சாவளியினருக்காக 2005 ஆம் ஆண்டில் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' அட்டை அறிமுகமானது. பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருந்தாலும் இது குடியுரிமை அன்று. இவ்வட்டை உடையவர் இந்தியாவுக்கு விசா இன்றி வந்து தங்கலாம்; பணி புரியலாம்; ஆனால் வாக்களிக்கவோ இந்தியக் கடவுச்சீட்டுப் பெறவோ இயலாது.

2008 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய அரசின் விளையாட்டுத்துறை அமைச்சகம், இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் மட்டுமே தேசிய அணிகளில் இடம்பெறலாம் என அறிவித்தது. 2010 ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் இக்கொள்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இதன் பாதிப்பு காற்பந்துடன் நிற்கவில்லை. சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விசய் அமிர்தராசின் மகனும் அமெரிக்கக் குடிமகனுமான பிரகாசு அமிர்தராசு, 2003 முதல் 2008 வரை டேவிசுக் கோப்பைப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். இக்கொள்கைக்குப் பின் அவர் இந்திய அணியில் இடம்பெறவில்லை.

காற்பந்தைப் பொறுத்தவரை, அமைச்சகத்தின் கொள்கை மாறினாலும் சிக்கல் முழுமையாகத் தீராது என்பது குறிப்பிடத்தக்கது. பிஃபா கேட்பது குடியுரிமையை. மேற்கண்ட அட்டை குடியுரிமை ஆகாது. எனவே சட்டம் திருத்தப்பட்டு ஏதேனும் ஒரு வடிவில் இரட்டைக் குடியுரிமை அளிக்கப்பட்டாலன்றி, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் இந்தியக் காற்பந்து அணியில் ஆட இயலாது. மற்றைய வழி, வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெறுவது. அட்டை பெற்று 5 ஆண்டுகள் ஆனவரும் விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இந்தியாவில் வாழ்ந்தவரும் பதிவின் மூலம் குடியுரிமை கோரலாம் எனச் சட்டம் கூறுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு

தென்காசி மாவட்டம் ஆலங்குளத்தில் பிறந்த ஒருவர் இங்கிலாந்தில் குடியேறி, அவருடைய பேத்தி இலண்டனில் பிரித்தானியக் குடிமகளாகப் பிறந்து வளர்வதாகக் கொள்ளலாம். அப்பெண் சிறந்த காற்பந்து வீராங்கனையானால், தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பதால் பிஃபா கோரும் உண்மையான தொடர்பு அவருக்கு உண்டு. ஆனால் பிரித்தானியக் குடியுரிமையைக் கைவிடாமல் அவர் இந்திய அணியில் ஆட முடியாது. அதே தாத்தா ஆலங்குளத்திற்குப் பதிலாக யாழ்ப்பாணத்திலோ சில்கெட்டிலோ பிறந்திருந்தால், பேத்தி பிரித்தானியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே முறையே இலங்கை அல்லது வங்காளதேசக் குடியுரிமையையும் பெற்று அந்நாட்டு அணியில் ஆட வழி உண்டு. இவ்வேறுபாடு முழுவதும் குடியுரிமைச் சட்டங்களால் உண்டாவது; பிஃபா விதிகள் மூன்று நாடுகளுக்கும் ஒன்றே.

இந்திய அணியில் ஆட முயன்றோர்

இங்கிலாந்தில் பிறந்து நியூகாசில் யுனைட்டெட், சண்டர்லாந்து ஆகிய கழகங்களில் ஆடிய மைக்கேல் சோப்ராவின் தந்தை இந்திய வம்சாவளியினர். இந்தியாவுக்காக ஆட அவர் விருப்பம் தெரிவித்திருந்தும் குடியுரிமைத் தடையால் அது நிறைவேறவில்லை. பின்னர் இந்தியன் சூப்பர் லீக்கில் கேரளா பிளாசுட்டர்சு கழகத்தில் மட்டுமே ஆடினார்.

சப்பானில் இந்தியத் தந்தைக்கும் சப்பானியத் தாய்க்கும் பிறந்த அராட்டா இசுமி, 2006 ஆம் ஆண்டு முதல் இந்தியக் கழகங்களில் ஆடி வந்தார். 2012 ஆம் ஆண்டில் சப்பானியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடியுரிமை பெற்று, 2013 ஆம் ஆண்டில் இந்திய அணியில் அறிமுகமானார். வெளிநாட்டுக் குடியுரிமையைக் கைவிட்டு இந்தியாவுக்காக ஆடிய முதல் காற்பந்து வீரராக இவர் அறியப்படுகின்றார். அவருடைய அன்றைய வயது முப்பது. இத்தகைய முடிவை வீரர்கள் பெரும்பாலும் ஆட்டவாழ்வின் பிற்பகுதியிலேயே எடுக்கின்றனர் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

ஆத்திரேலியாவின் பேர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்சு அடுத்த எடுத்துக்காட்டு ஆவார். இவருடைய தாய் மும்பையைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா 1950களில் சந்தோசுக் கோப்பைப் போட்டிகளில் பம்பாய்க்காக ஆடியவர். 2019 ஆம் ஆண்டில் ஆத்திரேலிய முதன்மை அணிக்காக ஒரு நட்புப் போட்டியில் ஆடிய வில்லியம்சு, 2023 ஆம் ஆண்டில் பெங்களூரு கழகத்தில் சேர்ந்தார். 2025 ஆம் ஆண்டில் ஆத்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியக் குடிமகனானார். அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள் டாக்காவில் நடைபெற்ற வங்காளதேசத்திற்கு எதிரான ஆட்டத்திற்கு முன்னரே இந்திய அணியுடன் இணைந்தும், தேவையான அனுமதிகள் உரிய நேரத்தில் வந்து சேராததால் அவ்வாட்டத்தில் ஆடவில்லை.

அனைத்திந்திய காற்பந்துக் கூட்டமைப்பு 2023 ஆம் ஆண்டில், வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி வீரர்களை அணியில் சேர்ப்பதற்கான வாய்ப்புகளை ஆராய ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2019 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்த குரோவாசியரான இகோர் இசுடிமாச்சும் இக்கோரிக்கையைப் பலமுறை வலியுறுத்தினார்.

வங்காளதேசம்

வங்காளதேசத்தின் தேசியக் காற்பந்து அணி, அந்நாடு பன்னாட்டு அங்கீகாரம் பெறுவதற்கு முன்னரே ஒரு வகையில் தோன்றிவிட்டது. 1971 ஆம் ஆண்டு விடுதலைப் போரின்போது இந்தியாவுக்கு வந்த கிழக்கு வங்காள வீரர்கள் 'சுவாதீன் பங்களா' காற்பந்து அணியை அமைத்து, போருக்கு நிதி திரட்டவும் ஆதரவு தேடவும் இந்தியாவின் பல இடங்களில் ஆடினர். சக்காரியா பிண்டூ இதன் தலைவராக இருந்தார். 1971 சூலை 25 ஆம் நாள் மேற்கு வங்கத்தின் கிருட்டிணநகரில் நதியா மாவட்ட அணியுடன் முதல் ஆட்டம் நடைபெற்று 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. ஆட்டத்திற்கு முன் வங்காளதேசக் கொடி ஏற்றப்பட்டது. அப்போது இந்திய அரசு வங்காளதேசத்தை இன்னும் அங்கீகரிக்கவில்லை என்பதால் இது நிர்வாகச் சிக்கலை உண்டாக்கியது. அவ்வீரர்கள் அன்றைய சட்டப்படி பாக்கித்தான் குடிமக்கள். ஆனால் தாம் எந்த நாட்டுக்காக ஆடுகின்றோம் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

பிற்காலத்தில் வங்காளதேசம், குறிப்பிட்ட சில நாடுகளின் குடியுரிமையையும் வைத்திருக்கத் தம் குடிமக்களுக்கு வழி செய்தது. இதனால் வெளிநாட்டில் பிறந்த வீரர்கள் அணியில் சேர முடிந்தது. தென்மார்க்கில் பிறந்த சமால் பூயான் 2013 ஆம் ஆண்டில் அறிமுகமாகிப் பின்னர் அணித்தலைவரானார். பின்லாந்தில் பிறந்த தாரிக் காசி, கனடாவின் சமித் சோம் ஆகியோரும் இவ்வழியில் வந்தவர்கள்.

இங்கிலாந்தின் இலப்பரோ நகரில் வங்காளதேசத் தாய்க்குப் பிறந்த அம்சா சௌத்திரி, இலெசுட்டர் சிட்டி கழகத்தின் வீரர். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். 2024 ஆம் ஆண்டில் வங்காளதேசக் கடவுச்சீட்டைப் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் பிஃபா அவருடைய மாற்றத்திற்கு அனுமதி அளித்தது. 2025 மார்ச்சு 25 ஆம் நாள் சில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக அவர் அறிமுகமான ஆட்டம் 0-0 எனச் சமநிலையில் முடிந்தது. நவம்பர் மாதம் டாக்காவில் நடைபெற்ற மறு ஆட்டத்தில் வங்காளதேசம் 1-0 என வென்றது. இந்தியாவுக்கு எதிராக அந்நாடு 2003 ஆம் ஆண்டுக்குப் பின் பெற்ற முதல் வெற்றி இதுவாகும். வெளிநாட்டு வம்சாவளி வீரர்கள் பற்றிய விவாதம் இந்தியாவில் மீண்டும் சூடுபிடிக்க இவ்விரு ஆட்டங்களும் காரணமாயின.

பாக்கித்தான்

பாக்கித்தானும் குறிப்பிட்ட நாடுகளுடன் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கின்றது. பர்மிங்காமில் பிறந்து புல்லம் கழகத்திற்காக ஆடிய செசு ரகுமான் 2005 ஆம் ஆண்டில் பாக்கித்தான் அணியில் சேர்ந்தார். இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடிய ஈசா சுலைமான் 2023 ஆம் ஆண்டில் பாக்கித்தானுக்காக ஆடத் தொடங்கினார். உள்நாட்டுப் போட்டிகள் ஒழுங்காக நடைபெறாத காலங்களில் அணி வெளிநாட்டில் பிறந்தோரைப் பெரிதும் சார்ந்திருந்தது.

இலங்கை

இரட்டைக் குடியுரிமையும் புலம்பெயர்ந்தோரும்

இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1987 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, அமைச்சரின் அனுமதியுடன் இரட்டைக் குடியுரிமை பெற வழி செய்யப்பட்டது. 2020களில் இலங்கை உதைபந்தாட்ட அணி வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களைப் பெருமளவில் சேர்த்துக் கொண்டது. இங்கிலாந்தில் வளர்ந்த மார்வின் ஆமில்டன், டிலன் டி சில்வா, செருமனியில் வளர்ந்த கிளாடியோ காமர்க்னெக்ட் ஆகியோர் இவர்களுட் சிலர்.

மலையகத் தமிழர்

குடியுரிமை இல்லாதவருக்கு எந்த நாட்டு அணியிலும் இடமில்லை என்பது பிஃபா விதிகளின் நேரடி விளைவு ஆகும். இவ்வகையில் இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு கருதத்தக்கது. பிரித்தானியர் காலத்தில் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களின் வழிவந்தோருள் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாத்திரி ஒப்பந்தம், 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்ட இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் எனக் கூறியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்து கொள்வது என 1974 ஆம் ஆண்டில் முடிவாயிற்று. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்களுள் சிலர் இந்தியராகவும் சிலர் இலங்கையராகவும் வேறு சிலர் நாடற்றவராகவும் ஆயினர். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைப் போக்க 2003 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தோர்

1983 ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழ் ஏதிலிகளின் பிள்ளைகளும் இவ்வாறான சிக்கலை எதிர்கொள்கின்றனர். இந்தியாவில் பிறந்தவர் எவரும் பிறப்பால் இந்தியர் என்ற விதி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1 ஆம் நாளுக்கு முன்னர் வரை பிறந்தோருக்கே பொருந்தும். அதன் பின் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 ஆம் நாளிலிருந்து பிறந்தோருக்கு, மற்றைய பெற்றோர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. எனவே ஏதிலிகளான பெற்றோருக்கு 1987க்குப் பின் முகாமில் பிறந்த ஒருவர், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, மாவட்டப் போட்டிகளில் ஆடித் திறமை காட்டினாலும் இந்திய அணியில் இடம்பெற இயலாது. மண்டபத்தில் 1986 ஆம் ஆண்டில் பிறந்த பெண் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவர் பிறந்த ஆண்டே இத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது.

தமிழீழ அணி

பிஃபாவில் உறுப்புரிமை இல்லாத மக்கள் குழுக்களும் பகுதிகளும் தமக்குள் போட்டிகளை நடத்துகின்றன. புலம்பெயர் தமிழ் வீரர்களைக் கொண்ட தமிழீழக் காற்பந்து அணி, 2012 ஆம் ஆண்டில் ஈராக்கின் குர்திசுத்தான் பகுதியில் நடைபெற்ற விவா உலகக்கோப்பையில் பங்குபற்றியது. பின்னர் கொனிஃபா அமைப்பு 2014 ஆம் ஆண்டில் சுவீடனின் ஓசுட்டர்சுண்டிலும் 2018 ஆம் ஆண்டில் இலண்டனிலும் நடத்திய உலகக் காற்பந்துக் கோப்பைகளிலும் ஆடியது. இவ்வாட்டங்கள் பிஃபாவின் எல்லைக்கு வெளியே நடைபெறுவதால், இவற்றில் ஆடியவர் இலங்கை அணிக்கோ தாம் வாழும் நாட்டின் அணிக்கோ ஆடுவதற்குப் பிஃபா விதிகளில் தடை இல்லை.

நேபாளம்

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே 1950 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மக்கள் கடவுச்சீட்டு இன்றி எல்லை கடந்து வாழவும் தொழில் செய்யவும் முடிகின்றது. ஆயினும் குடியுரிமை தனித்தனியானது; இரு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் கூர்க்கா சமூகத்திலிருந்து சியாம் தாபா உள்ளிட்ட பலர் இந்தியாவுக்காக ஆடியுள்ளனர். இந்திய அணிக்காக மிகுதியான கோல்களை அடித்த சுனில் சேத்திரி செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இந்தியப் படையில் பணியாற்றியவர். அவருடைய தாயும் தாயின் இரட்டைச் சகோதரியும் நேபாள மகளிர் தேசிய அணியில் ஆடியவர்கள்.

கழகங்களில் ஆடுவதற்குத் தேசிய அணித் தகுதி தேவையில்லை. மதுரையைச் சேர்ந்த சேது கழகத்திற்காக இந்திய மகளிர் லீக்கில் வங்காளதேசத்தின் சபீனா காத்தூன், நேபாளத்தின் சபித்திரா பண்டாரி ஆகியோர் ஆடியுள்ளனர். அண்டை நாட்டு அணிகளில் எதிரெதிரே நிற்கும் வீராங்கனைகள் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றில் ஒரே உடையில் ஆடியமை குறிப்பிடத்தக்கது.

பிற அண்டை நாடுகள்

அயர்லாந்து

வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் அயர்லாந்துக் குடியரசின் குடியுரிமைக்கும் உரியவர்கள் என 1998 ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை ஏற்கின்றது. இதனால் வட அயர்லாந்தின் இளையோர் அணிகளில் பயிற்சி பெற்ற சிலர் குடியரசின் அணிக்கு மாறினர். இதனை எதிர்த்து வட அயர்லாந்துச் சங்கம் தொடுத்த வழக்கில், வீரர்களுக்கு அவ்வுரிமை உண்டு என விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

தென்கிழக்காசியா

சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆனால் திறமையுள்ள வீரர்களுக்குக் குடியுரிமை வழங்குகின்றது. கொரியாவில் பிறந்து 2021 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமகனான சொங் உய்-யங், 2025 அக்டோபர் 14 ஆம் நாள் கோவாவின் மட்காவில் இந்தியாவுக்கு எதிராக இரு கோல்களை அடித்து 2-1 என்ற வெற்றிக்கு வழிவகுத்தார்.

முன்னோர் தொடர்பை நிறுவும் ஆவணங்கள் போலியாக இருத்தல் கடுமையான குற்றமாகும். கிழக்குத் திமோர், பிரேசிலில் பிறந்த வீரர்களைப் போலி ஆவணங்களின் அடிப்படையில் ஆட வைத்ததற்காக 2017 ஆம் ஆண்டில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பால் 2023 ஆசியக் கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது. 2025 சூன் மாதத்தில் வியட்நாமை 4-0 என வென்ற மலேசிய அணியில் புதிதாகக் குடியுரிமை பெற்ற ஏழு வீரர்களின் தாத்தா பாட்டியரின் பிறப்பு ஆவணங்கள் திருத்தப்பட்டிருந்ததாகப் பிஃபா கண்டறிந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 3,50,000 சுவிசு பிராங்கு தண்டம் விதிக்கப்பட்டது. வீரர்களுக்கு 12 மாதத் தடை விதிக்கப்பட்டது.

ஏதிலி வீரர்கள்

2021 ஆம் ஆண்டில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றிய பின் நாட்டை விட்டு வெளியேறிய ஆப்கானிய வீராங்கனைகளைக் கொண்ட அணி ஒன்றுக்குப் பிஃபா 2025 ஆம் ஆண்டில் வாய்ப்பளித்தது. இவ்வணி அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மொரோக்கோவில் தன் முதல் ஆட்டங்களை ஆடியது.

கருத்து வேறுபாடுகள்

வெளிநாட்டில் வளர்ந்தோரைச் சேர்ப்பதை ஆதரிப்போர், சிறந்த பயிற்சி பெற்ற வீரர்கள் உடனடியாகக் கிடைப்பதையும், புலம்பெயர்ந்தோருக்கும் தாய்நாட்டுக்கும் இடையே உறவு வலுப்பதையும் சுட்டுகின்றனர். எதிர்ப்போர், உள்நாட்டு இளைஞர்களின் வாய்ப்புகள் குறைவதையும், அடித்தளப் பயிற்சியில் செய்ய வேண்டிய முதலீடு தள்ளிப் போவதையும் சுட்டுகின்றனர். 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா, வங்காளதேசம் ஆகிய இரண்டுமே தேறவில்லை. அப்பிரிவிலிருந்து சிங்கப்பூர் தகுதி பெற்றது. எனவே ஒரு நாட்டின் காற்பந்து வளர்ச்சியை இவ்வழி மட்டுமே உறுதி செய்யும் எனக் கூறவியலாது.

மறுபுறம், இவ்விவாதம் பெரும்பாலும் இரண்டு கடவுச்சீட்டுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்களைப் பற்றியதாகவே உள்ளது. ஒரு கடவுச்சீட்டும் இல்லாத முகாம் பிள்ளைகளின் நிலை இதில் அரிதாகவே பேசப்படுகின்றது. பிஃபாவின் வதிவிட விதி 5 ஆண்டுகளையே கேட்கின்றது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்தியாவில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் குறைவது குடியுரிமை ஒன்றே.

இவற்றையும் பார்க்கவும்

இந்தியத் தேசிய காற்பந்து அணி
இலங்கைத் தேசிய காற்பந்து அணி
வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்
சிறிமா-சாத்திரி ஒப்பந்தம்
கொனிஃபா